கல்லீரல் நீர்க்கட்டிக் கழலை: நோயறிதலின் வரலாறு

கல்லீரலில் காணப்படும் நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை, சிகிச்சையே தேவைப்படாதவை. நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவானவையே கழலைகள். இவற்றின் உட்சுவர் சளிநீரைச் சுரக்கும். சில பின்னாளில் புற்றுநோயாக மாறக்கூடும். சாதாரணக் கட்டியிலிருந்து இக்கழலையைப் பிரித்தறிவதே மருத்துவர்களுக்கு நீண்டகாலச் சிக்கலாக இருந்தது.

தொடக்கக் காலம்

இக்கழலையை 1887இல் ஹூட்டர் முதலில் விவரித்ததாகக் கூறுவர். 1892இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் கீன் இத்தகைய கட்டியை அகற்றியதைப் பதிவுசெய்தார். அன்று வயிற்றைக் கையால் தொட்டறிவதும், திறந்து பார்ப்பதுமே வழிகள். 1895இல் கண்டறியப்பட்ட எக்ஸ் கதிரும் பெரிதாக உதவவில்லை. சுவரில் சுண்ணம் படிந்த கட்டிகளே படத்தில் தெரிந்தன. குளச்சலை அடுத்த நெய்யூரில் 1838இல் தொடங்கப்பட்ட மிஷன் மருத்துவமனையில் பல்லாண்டுகள் பணியாற்றியவர் ஹோவர்ட் சாமர்வெல். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் பங்கேற்றவர். அவர் காலத்து அறுவை மருத்துவர்கள் எவருக்கும் கல்லீரலின் உட்பகுதியைக் காட்டும் கருவி இல்லை.

ஸ்கேன் வந்தபின்

அல்ட்ராசவுண்ட், 1970களில் வந்த சி.டி., பின்னர் எம்.ஆர்.ஐ. ஆகியவை கட்டியின் உட்புறத்தைக் காட்டின. உள்ளே தடுப்புச் சுவர்களோ சதைப்புடைப்போ இருந்தால் கழலை என்ற ஐயம் எழும். ஆனால் நாயிடமிருந்து பரவும் நாடாப்புழுவால் உண்டாகும் ஹைடாடிட் கட்டியும், உள்ளே இரத்தம் கசிந்த சாதாரணக் கட்டியும் இதே தோற்றம் தரலாம். ஊசியால் நீரெடுப்பதும் முழுத் தீர்வல்ல. ஹைடாடிட் நீர் வயிற்றுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்படலாம். கட்டிநீரில் அளக்கப்படும் சிஏ 19-9 என்ற பொருள் சாதாரணக் கட்டியிலும் மிகுந்திருக்கக்கூடும்.

நுண்ணோக்கியின் தீர்ப்பு

1985இல் வீலர், எட்மன்சன் இருவரும் 17 நோயாளிகளின் கழலைகளை ஆராய்ந்தனர். கட்டிச் சுவரில் ஒருவகை அடர்ந்த திசு இருப்பதை விவரித்தனர். அது சூலகத் திசுவை ஒத்தது. இந்நோய் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுக்கே வருவதும் இதனோடு பொருந்தியது. 2010இல் உலகச் சுகாதார நிறுவனம் இத்திசுவையே இக்கழலையின் கட்டாய அடையாளமாக்கியது. அது இல்லாமல் பித்தநாளத்துக்குள் வளரும் கழலைகள் தனிவகையாயின.

ஏன் முக்கியம்?

சாதாரணக் கட்டி தொல்லை தந்தால் அதன் மேற்சுவரை மட்டும் வெட்டி நீரை வடித்தால் போதும். கழலைக்கு அப்படிச் செய்தால் எஞ்சிய சுவரிலிருந்து அது மீண்டும் வளரும், புற்றுநோயும் தோன்றலாம். எனவே கழலை என்ற ஐயம் வலுத்தால் கட்டியை முழுமையாக அகற்றுவர். ஸ்கேன் ஐயத்தை எழுப்பும். அதை உறுதிசெய்வது இன்றும் அகற்றிய சுவரின் நுண்ணோக்கிப் பரிசோதனையே.