மைல்ஸ் டேவிஸும் அட்டையில் இல்லாத தபலாக்காரரும்

1972 அக்டோபரில் மைல்ஸ் டேவிஸின் 'ஆன் தி கார்னர்' எல்.பி. வெளிவந்தது. அட்டை முழுக்க கலர் கலரா கார்ட்டூன் மனிதர்கள். ஆனா உள்ளே யார் யார் வாசிச்சிருக்காங்கன்னு தேடினா ஒரு பெயர் கிடையாது. ஜாஸ் உலகத்துல இது விநோதம். அங்கே டிரம்ஸ் யார், பாஸ் யார்னு பார்த்துத்தான் பல பேர் ரெக்கார்டே வாங்குவாங்க. மைல்ஸ் வேணும்னேதான் பெயர்களை விட்டார். பெயரையும் வாத்தியத்தையும் பார்த்து விமர்சகர்கள் லேபிள் ஒட்டக் கூடாதுங்கறது அவர் கட்சி.

அப்படி விடுபட்ட பெயர்களில் ஒண்ணு பாதல் ராய். அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து 1968ல் புள்ளியியல் படிக்க நியூயார்க் போனவர். செலவுக்கு இந்திய உணவகத்தில் வேலை, கூடவே தபலா. அங்கே சாப்பிட வந்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அவரோட சேர்ந்து வாசிக்க ஆரம்பிச்சார். அந்த வழியில்தான் ராய் மைல்ஸிடம் போய்ச் சேர்ந்தார். ஸ்டூடியோவில் நோட்ஸ் எதுவும் கிடையாதாம், 'நீ ஆரம்பி' என்று மட்டும் சொன்னாராம் மைல்ஸ். பேட்டிகளில் ராயே சொன்னது இது.

மைல்ஸ் பற்றித் தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன ரீவைண்ட். டிரம்பெட் கலைஞர். 1959ல் 'கைண்ட் ஆஃப் புளூ' போட்டவர். அதையே வாசிச்சுக்கிட்டு சுகமா இருந்திருக்கலாம். அறுபதுகளின் கடைசியில் எலக்ட்ரிக் பியானோ, எலக்ட்ரிக் கிதார்னு தாவிட்டார். 1969 பிப்ரவரியில் 'இன் எ சைலண்ட் வே', அதே ஆகஸ்டில் 'பிட்சஸ் ப்ரூ' பதிவாச்சு. உட்ஸ்டாக் விழா முடிஞ்ச மறுநாள்தான் இந்த இரண்டாவதின் பதிவு ஆரம்பம். ரெண்டிலுமே மெக்லாஃப்லின் உண்டு. பழைய ஜாஸ் ரசிகர்களில் பலர் மைல்ஸ் விலை போயிட்டார்னு திட்டினாங்க.

நம்ம ஆளுங்களுக்குப் பிடிக்கக் கூடிய விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த ரெக்கார்டுகளில் பாதி வேலை எடிட்டிங்தான். மணிக்கணக்கா வாசிச்சதை எல்லாம் நாடாவில் பிடிச்சு, தயாரிப்பாளர் டியோ மசேரோ பிளேடால வெட்டி ஒட்டினார். 'இன் எ சைலண்ட் வே' இரண்டாம் பக்கத்தின் தொடக்கமும் முடிவும் ஒரே வாசிப்பு! முதல் நாலு நிமிஷத்தைக் காப்பி எடுத்துக் கடைசியில் பேஸ்ட் பண்ணிட்டார் மனுஷன் :-)

இந்தப் பாணி இந்திய இசைக்கு ஒரு கதவைத் திறந்து வெச்சது. சரசரன்னு மாறுகிற கார்டுகள் போய், ஒரே பாஸ் வரி திரும்பத் திரும்பச் சுத்திக்கிட்டே இருக்கும். மேலே யார் வேணா வந்து பேசலாம். தம்புராவும் தாள ஆவர்த்தனமும் தர்ற தரை மாதிரி. 1969 நவம்பரில் பதிவான 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்'லயே சிதாரும் தபலாவும் இருந்தன. ஆனா உண்மையைச் சொல்லணும்னா, அங்கே அவை ஒரு கலர்தான். சாம்பார்ல போட்ட கொத்தமல்லி மாதிரி. வாசம் வரும், சாம்பாரை முடிவு பண்றது அது இல்லை.

இப்போ 2008க்கு வருவோம். 'மைல்ஸ் ஃப்ரம் இந்தியா' என்று இரண்டு சி.டி. கொண்ட அஞ்சலி ஆல்பம் வந்தது. தயாரிப்பாளர் பாப் பெல்டன். மைல்ஸின் பழைய கொலம்பியா நாடாக்களைத் தொகுத்து மறுபதிப்பாகக் கொண்டுவந்ததில் முக்கியமான ஆள். மைல்ஸோட பல காலகட்டங்களில் வாசிச்ச பழைய தோழர்களையும் இந்தியக் கலைஞர்களையும் சேர்த்தார். பியானோவில் லூயிஸ் பேங்க்ஸ், மாண்டலினில் யு. ஸ்ரீனிவாஸ், கடத்தில் விக்கு விநாயக்ராம், கஞ்சிராவில் அவர் மகன் செல்வகணேஷ், குரலில் சிக்கில் குருசரண், சங்கர் மகாதேவன். 1975லேயே மெக்லாஃப்லினோட 'சக்தி' குழுவில் கடம் வாசிச்சவர் விக்கு. அதனால இது ஏதோ திடீர்க் கல்யாணம் இல்லை, பழைய உறவு.

எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசிச்சதும் இல்லை. இங்கே வாசிச்சதையும் அமெரிக்காவில் வாசிச்சதையும் ஒண்ணா அடுக்கினாங்க. போலித்தனம்னு யாராவது சொன்னா மசேரோவின் பிளேடை ஞாபகப்படுத்துங்க. ஒட்டுவேலைக்கும் இது நியாயமான அஞ்சலிதான்.

குறை இல்லாம இல்லை. சில இடங்களில் ஆளுக்கொரு பக்கம் பேசற மாதிரி கூட்டம் ஜாஸ்தி. மைல்ஸின் பெரிய பலமே வாசிக்காம விடுற இடம். அந்த மௌனம் இங்கே அடிக்கடி காணோம். 'கைண்ட் ஆஃப் புளூ' பாட்டுகளை விட எலக்ட்ரிக் காலப் பாட்டுகள்தான் இந்த மண்ணில் நல்லா வேர் பிடிக்குது. தரை தயாரா இருந்ததே, அதான்.

ஆனா எனக்கு இந்த ஆல்பத்தில் பெரிய விஷயம் பெயர்ப் பட்டியல்தான். கடம், கஞ்சிரா, மிருதங்கம் என்று ஒவ்வொருத்தரும் பெயரோட இருக்காங்க. தபலா: பாதல் ராய். 36 வருஷம் கழிச்சு, அதே ஆள். விமர்சகர்களை ஏமாத்த மைல்ஸ் பெயர்களை எடுத்தது அவருக்கு ஒரு விளையாட்டு. அட்டையில் மைல்ஸ் பெயர் எப்பவும் கொட்டை எழுத்தில் இருக்குமே! ஊர் பெயர் தெரியாத தபலாக்காரருக்கு அது விளையாட்டா இருந்திருக்குமா? மென்பொருள் எழுதறவங்களுக்கு இது நல்லாவே புரியும், இல்லையா?

ஸ்ரீனிவாஸ் 2014ல் 45 வயசில் போயிட்டார். பெல்டன் 2015ல். இந்த ஆல்பத்தில் டிரம்பெட் வாசிச்ச வாலஸ் ரோனியை 2020ல் கொரோனா கொண்டு போச்சு. பாதல் ராய் 2022 ஜனவரியில். இன்னொரு முறை இந்தக் கூட்டத்தைச் சேர்க்க முடியாது.

கேட்க நினைக்கிறவங்களுக்கு ஒரு யோசனை. 'ஈஃபே' என்ற பாட்டை எடுத்துக்கோங்க. முதலில் 1972ல் மைல்ஸ் பதிவு செஞ்சது ('பிக் ஃபன்' ஆல்பத்தில் இருக்கு, தபலா ராய்தான்). அப்புறம் 2008 ஆல்பத்தில் அதுக்கு வேகமா ஒண்ணு, மெதுவா ஒண்ணு, ரெண்டு வடிவம். மூணையும் ஹெட்ஃபோன்ல வரிசையா கேளுங்க. கொத்தமல்லி எப்போ சாம்பாராச்சுன்னு உங்களுக்கே தெரியும். தெரியலைன்னா பின்னூட்டத்தில் வந்து சண்டை போடுங்க, காத்திருக்கேன்.