வாயை மூடச் சொல்லும் சீட்டாட்டம்



சீட்டாட்டம் என்றாலே நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள். ரம்மி, மூணு சீட்டு, கடைசியில் போலீஸ்... இதுதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் காசு இல்லாத, ராஜா ராணி இல்லாத, ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத ஒரு சீட்டாட்டம் இருக்கிறது. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கேள்வி. எடுத்தவர் பதில் சொல்ல வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். அவ்வளவுதான்!

"இதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்றுதான் நானும் நினைத்தேன். கடந்த செமஸ்டரில் எங்கள் ஹாஸ்டல் அறையில் ஒரு ராத்திரி விளையாடிய பிறகு அப்படி நினைப்பதில்லை. அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வரலாறு.

கேள்விச் சீட்டுகள் பழைய சரக்குதான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விருந்துகளில் இப்படிச் சீட்டுகள் உண்டு. ஒரு கட்டில் கேள்விகள், இன்னொரு கட்டில் பதில்கள். கலைத்துப்போட்டு ஏதோ ஒரு கேள்விக்கு ஏதோ ஒரு பதிலைப் படித்துச் சிரிப்பார்கள். பதிலும் அச்சடித்தே வந்துவிடுவதால் அங்கே யாரும் யாரையும் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை!

கேட்பது என்பது ஒரு திறமை, அதைப் பழக வேண்டும் என்ற எண்ணம் பெரிய அளவில் வேலைக்கு வந்த இடங்களில் ஒன்று, நம்ப மாட்டீர்கள், ஒரு தொழிற்சாலை. நம்ம மேனேஜ்மென்ட் பேப்பரில் வருமே, சிகாகோ பக்கத்திலிருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலை, அதேதான். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்த கதையை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்ததை விட்டுவிடுகிறோம். 1928ல் அங்கே தொழிலாளர்களை நேர்காணல் செய்யத் தொடங்கினார்கள். முதலில் கையில் கேள்விப் பட்டியலுடன் போனார்கள். தொழிலாளர்களோ அதை விட்டு விலகி, தங்கள் மனதில் இருந்ததையே பேசினார்கள். அதனால் 1929ல் முறையையே மாற்றினார்கள். அவர் எதைப் பேசினாலும் பேசட்டும், குறுக்கே போகாதே, அறிவுரை சொல்லாதே என்பது புது விதி. 1930க்குள் 20,000க்கும் மேற்பட்டோர் பேசியிருந்தார்கள். எதுவுமே மாறாத விஷயங்களில்கூட, "இப்போது நிலைமை பரவாயில்லை" என்று சிலர் சொன்னார்களாம்!

1957ல் கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளரும் ரிச்சர்ட் ஃபார்சனும் சேர்ந்து 'ஆக்டிவ் லிசனிங்' என்ற சிறு புத்தகத்தை எழுதினார்கள். மேலாளர்களுக்காக எழுதியது. எதிராளி சொல்வதை எடை போடாதே, உடனே தீர்வு சொல்லாதே, உனக்குப் புரிந்ததை உன் வார்த்தையில் திருப்பிச் சொல்லி 'ஆமாம், அதுதான்' என்று அவர் சொல்கிறாரா பார். சாரம் இதுதான். நம்ம பிசினஸ் கம்யூனிகேஷன் பேப்பரில் இதற்கு ஐந்து மார்க். ஆனால் நீச்சலைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ள முடியுமா? பழக ஒரு குளம் வேண்டாமா?

அந்தக் குளத்தை வெட்டியவர்களில் ஒருவர் ரியா ஸாக்கிச். கலிஃபோர்னியாவில் வாழ்ந்த ஒரு குடும்பத் தலைவி. 1970களின் தொடக்கத்தில் குரல்நாண் பாதிப்பால் சில மாதங்கள் பேசவே கூடாத நிலை அவருக்கு. பேச முடியாதபோதுதான், வீட்டில் இத்தனை நாள் பேசியதில் முக்கியமானவை எவ்வளவு விடுபட்டுப் போயின என்று அவருக்கு உறைத்தது. மனதில் இருந்த கேள்விகளை அட்டைகளில் எழுதினார். வீட்டாரை மேஜையைச் சுற்றி உட்கார வைத்து விளையாடினார். 'அன்கேம்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. விளையாட்டல்லாத விளையாட்டு என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். முதலில் பலகையோடு வந்தது, பிறகு வெறும் சீட்டுக்கட்டாகவும் வந்தது. இலகுவான கேள்விகள் ஒரு கட்டு, ஆழமானவை இன்னொரு கட்டு. ஜெயிப்பவர் யாரும் இல்லை. குரலை இழந்த ஒருவர் உருவாக்கிய ஆட்டத்தில், அடுத்தவர் பேசும்போது மௌனம் காப்பது முக்கிய விதி. யோசித்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

அதே காலகட்டத்தில், 1973ல், ரிச்சர்ட் கார்ட்னர் என்ற மனநல மருத்துவர் குழந்தைகளுக்காக ஒரு ஆட்டம் கொண்டுவந்தார். பேசுவது, உணர்வது, செய்வது என மூன்று வகைச் சீட்டுகள். பதில் சொன்னால் ஒரு வில்லை பரிசு. வாய் திறக்கத் தயங்கும் குழந்தைக்கு ஒரு ஊக்கம்!

அடுத்த திருப்பம் மார்ஷல் ரோசன்பெர்க்கின் வன்முறையற்ற தொடர்பு முறையிலிருந்து வந்தது. அந்த வழியில் உருவான 'க்ரோக்' சீட்டுகளில் கேள்வியே கிடையாது. உணர்வுகள் ஒரு கட்டு, தேவைகள் ஒரு கட்டு. ஒருவர் தன் கதையைச் சொல்வார். கேட்பவர்கள், "உனக்கு வேண்டியிருந்தது மரியாதையா? ஓய்வா?" என்று ஒவ்வொரு சீட்டாக முன்னால் வைப்பார்கள். எது சரி என்பதை அவரேதான் முடிவு செய்வார். க்ரோக் என்பது ராபர்ட் ஹெயின்லைன் 1961ல் எழுதிய நாவலில் வரும் செவ்வாய் கிரகத்துச் சொல். நேர் பொருள் 'குடிப்பது'. அடுத்தவர் மனதை அப்படியே குடித்துவிடுவதாம்!

1997ல் ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவரது குழுவும், முன்பின் தெரியாத இருவரை 36 கேள்விகளால் நெருக்கமாக்க முடியுமா என்ற ஆய்வை வெளியிட்டார்கள். மூன்று கட்டமாக, போகப் போக ஆழமாகும் கேள்விகள். 2015ல் ஒரு அமெரிக்க நாளிதழ்க் கட்டுரையால் அது உலகப் புகழ் பெற்றது. 2018ல் வந்த 'வி ஆர் நாட் ரியலி ஸ்ட்ரேஞ்சர்ஸ்' சீட்டுக்கட்டும் அதே மாதிரி மூன்று படிகள் கொண்டதுதான்.

சரி, ஹாஸ்டல் கதைக்கு வருவோம். (நண்பனிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.) காசு கொடுத்துக் கட்டு வாங்க வசதியில்லை. வீணான ஜெராக்ஸ் தாள்களை வெட்டி, பின்பக்கத்தில் முப்பது கேள்விகள் எழுதினோம். ஐந்து பேர். பிடிக்காத கேள்வியை 'பாஸ்' சொல்லலாம், ஒருவர் பேசி முடித்தபின் பத்து எண்ணும் வரை யாரும் பேசக்கூடாது என்பவை எங்கள் விதிகள். முதல் அரை மணி நேரம் ஒரே கலாட்டா.

அடிக்கடி கிளாஸ் கட் அடிக்கும் ஒருவனை நாங்கள் 'விருந்தாளி' என்று கிண்டல் செய்வோம். அவனுக்கு வந்த சீட்டு: கடைசியாக எப்போது பொய் சொன்னாய்?

"தினமும்தான்டா. வீட்டுல போன் பண்ணா கிளாஸ்ல இருந்தேன்னு சொல்றேன். காலையில குடோன்ல மூட்டை தூக்கப் போறேன். அப்பாவால இப்ப வேலைக்குப் போக முடியல" என்றான்.

ஸ்காலர்ஷிப், ஹெச்.ஓ.டி.யைப் பார்ப்பது, ஆளுக்கு ஐநூறு போடுவது என என் வாயில் வரிசையாக யோசனைகள் வந்து நின்றன. விதி தடுத்தது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழோ எட்டோ எண்ணும்போது அவனே தொடர்ந்தான்: "பணமெல்லாம் வேணாம்டா. அந்த விருந்தாளின்னு கூப்பிடறத மட்டும் விட்டுடுங்க."

அந்தப் பத்துக்குள் நான் வாயைத் திறந்திருந்தால், இந்த இரண்டாவது வாக்கியம் எங்களுக்குக் கிடைத்தே இருக்காது. நானோ நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, மறுநாளும் அவனை அதே பெயரில் கூப்பிட்டிருப்பேன்.

தமிழில் 'கேள்வி' என்றால் வினா, செவியால் கேட்பதும் கேள்விதான். திருக்குறளின் 42வது அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர், அது முழுக்கக் காது கொடுத்துக் கேட்பதைப் பற்றியது. சீட்டில் எழுத முடிவது முதல் கேள்வியை மட்டும்தான். இரண்டாவதை நாம்தான் செய்ய வேண்டும்.

வீணான ஜெராக்ஸ் தாள் உங்களிடமும் இருக்கும், ஒருநாள் வெட்டிப் பாருங்கள்.