கைவிடப்பட்ட வளர்ப்புக் கிளி: உடல்நலக் கேடுகள்

கோலார் தங்கவயலில் வீட்டுக் கிளி என்றால் பெரும்பாலும் பச்சைக்கிளிதான். பறவை நூல்கள் இதைச் செந்தார்ப் பைங்கிளி என்கின்றன. வாலோடு சேர்த்து 40 செ.மீ. நீளமும் 110 முதல் 140 கிராம் எடையும் இருக்கும். நன்றாகப் பேணினால் கூண்டில் 25 ஆண்டுக்கு மேலும் வாழும். வளர்த்தவர் முதுமை அடைந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ கிளி இன்னொரு வீட்டுக்கு வந்து சேர்கிறது.

2001 பிப்ரவரி 28இல் இங்குள்ள தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புவது இவ்வூரில் பலரின் பிழைப்பாயிற்று. கிளியோ கூட்டமாக வாழும் பறவை. ஆளில்லாத வீட்டில் நாளெல்லாம் அடைபட்டுக் கிடந்தால் தன் மார்பு இறகைத் தானே பிடுங்கத் தொடங்கும். தலையில் மட்டும் இறகு முழுதாக இருந்தால் அது கிளியின் சொந்த வேலை. அலகு எட்டாத இடம் அது ஒன்றுதான். தலையிலும் இறகு கொட்டியிருந்தால் அலகு-இறகு நோய் எனப்படும் வைரஸ் தொற்றையும் சந்தேகிக்க வேண்டும்.

நோயை மறைப்பது கிளியின் பிறவிக் குணம். காட்டில் சோர்ந்து தெரியும் பறவையைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும். “நல்லாத்தான் பேசுது, அதுக்கு ஒண்ணும் இல்ல” என்று வீட்டார் சொல்வதை நம்பக் கூடாது. விரலால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால் உண்மை தெரியும். நடு எலும்பின் இருபுறமும் சதை திரண்டிருக்க வேண்டும். எலும்பு கத்தி முனைபோல் துருத்தி நின்றால் அது நாள்பட்ட பட்டினி. அப்போதும் நெஞ்சை அழுத்திப் பிடிக்கக் கூடாது. பறவைக்கு உதரவிதானம் இல்லை. நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு ஓடும்.

பட்டினி என்பது காலித் தட்டு மட்டுமல்ல. நெல்லும் சூரியகாந்தி விதையும் மிளகாயும் மட்டுமே தின்று வளரும் கிளிக்கு வயிறு நிறைந்தாலும் உடல் நிறைவதில்லை. விதையில் வைட்டமின் ஏயும் சுண்ணாம்புச் சத்தும் மிகக் குறைவு, கொழுப்போ அதிகம். ஏ சத்து குறைந்தால் வாயின் மேலண்ணத்தில் வெள்ளைத் திட்டு படியும், கண் வீங்கும், மூக்கு ஒழுகும். கொழுப்பு ஈரலைக் கெடுக்கும்; அலகு அளவுமீறி வளர்வது ஈரல் கெட்டதன் அடையாளமாக இருக்கலாம். கேரட், முருங்கைக்கீரை, கொய்யா ஆகியவை இதற்கு நல்ல மாற்று. ஆனால் ஒரே நாளில் விதையை நிறுத்தினால் புதிய உணவை உணவென்றே அறியாமல் கிளி பட்டினி கிடந்து சாகும். வாரக்கணக்கில் மெல்ல மாற்ற வேண்டும். சமையலறைத் தராசில் தினமும் காலையில் எடை பார்ப்பது நல்லது. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது ஆபத்து.

நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சுக்காற்றை அறியக் கேனரிக் குருவியைக் கொண்டுபோன வழக்கம் பிரிட்டனில் 1986 வரை நீடித்தது. மனிதருக்கு முன்பே பறவை மயங்கி விழும். அதன் நுரையீரல் அவ்வளவு வேகமாகக் காற்றை உறிஞ்சுகிறது. கிளிக்கும் அதே நிலைதான். அடுப்புப் புகை, கொசுவர்த்தி, காய்ந்துபோன நான்ஸ்டிக் சட்டியின் ஆவி எல்லாம் அதற்கு நஞ்சு. தங்கவயலில் இன்னொன்றும் உண்டு: தங்கம் பிரித்தபின் கொட்டிய சுரங்கக் கழிவான சயனைடு மேடுகளின் தூசி. காற்றடிக்கும் நாளில் மேட்டுப்பக்கம் பார்த்த வராந்தாவில் கூண்டைத் தொங்கவிடக் கூடாது. ஊர் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மார்கழி இரவுகள் குளிரும். நோயுற்ற கிளிக்கு 30 டிகிரி அளவு வெதுவெதுப்பு வேண்டும்.

மனிதருக்குத் தொற்றும் நோய்களில் முக்கியமானது கிளிக்காய்ச்சல் எனப்படும் சிட்டகோசிஸ். கிளமிடியா சிட்டாசி என்னும் பாக்டீரியா காய்ந்த எச்சத் தூளோடு மூச்சில் ஏறுகிறது. 1929-30இல் இது கப்பலேறிய கிளிகளோடு பல நாடுகளுக்குப் பரவியது. பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வரும். டாக்சிசைக்ளின் மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால் வீட்டில் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கூண்டை உலர்ந்தபடி பெருக்காமல், தண்ணீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து துடைக்க வேண்டும். தரையில் விரித்த செய்தித்தாள் எச்சத்தின் நிறத்தையும் காட்டிக் கொடுக்கும்: வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தால் ஈரல் நோயாக இருக்கலாம். வீட்டில் வேறு பறவை இருந்தால் புதுக்கிளியை ஒரு மாதமாவது தனி அறையில் வைக்க வேண்டும்.

பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆதலால் முதலுதவியோடு நிறுத்தி, வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பெங்களூரு கெங்கேரியில் வனவிலங்குகளுக்கான மருத்துவமனை இருக்கிறது. இரக்கப்பட்டுக் கூண்டைத் திறந்து பறக்கவிட்டுவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் விரிக்காத சிறகில் வலு இருக்காது, முதல் மரத்தை எட்டுமுன் காக்கை கொத்திவிடும்.