ரப்பர்தானே சார்!

“கெமிக்கல் இன்ஜினியருக்கு மருந்துக் கம்பெனியில் என்ன வேலை?” என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். மருந்தைக் காக்க வைப்பதுதான் என் வேலை! உயிருள்ள செல்களில் தயாராகும் புரத மருந்துகளை 2 முதல் 8 டிகிரி குளிரறையில் மாதக்கணக்கில் வைத்து, அவ்வப்போது எடுத்து, வீரியம் குறைந்ததா, புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதா என்று பார்ப்போம். ஸ்டெபிலிட்டி சோதனை என்பது இதுதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங். மருந்து நிரப்பிய சிரிஞ்சின் ரப்பர் அடைப்பானை வேறிடத்தில் மலிவாக வாங்கலாம் என்று பேச்சு வந்தது. “ரப்பர்தானே சார், மருந்தா மாறப்போகுது?” என்றேன். சீனியர் ஒருவர் கோபிக்கவில்லை. “எப்ரெக்ஸ் கதை தெரியுமாப்பா?” என்று மட்டும் கேட்டார். தெரியாது. அன்றிரவே தேடிப் படித்தேன்.

எரித்ரோபோய்ட்டின் என்பது சிறுநீரகத்தில் சுரக்கும் ஹார்மோன். எலும்பு மஜ்ஜையை ரத்தச் சிவப்பணுக்கள் உண்டாக்கத் தூண்டுவது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இதையே செல்களில் தயாரித்து ஊசியாகப் போடுகிறார்கள். எப்ரெக்ஸ் அப்படி ஒரு மருந்து. புரதம் கெடாதிருக்க அதில் மனித ரத்த ஆல்புமின் சேர்த்திருந்தார்கள். பைத்தியப் பசு நோய் பயம் ஐரோப்பாவை ஆட்டிய காலம் அது. 1998ல் ஆல்புமினை நீக்கி, பாலிசார்பேட் 80, கிளைசின் இரண்டையும் சேர்த்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்த மாற்றம்தான்.

ஆனால் சில நோயாளிகளின் உடல் அந்த மருந்தையே எதிரியாக நினைத்து எதிர்ப்புப் புரதம் உண்டாக்கியது. அது உடலில் இயற்கையாகச் சுரந்த கொஞ்சநஞ்ச ஹார்மோனையும் முடக்கியது. சிவப்பணு உற்பத்தியே நின்றுபோய், ரத்தம் ஏற்றித்தான் பிழைக்கவேண்டிய நிலை. 2002ல் பிரான்ஸ் மருத்துவர்கள் இப்படி 13 பேரைப் பற்றி எழுதினார்கள். பெரும்பாலோர் எப்ரெக்ஸ் போட்டுக்கொண்டவர்கள்.

காரணம் என்ன? பூச்சில்லாத ரப்பர் அடைப்பானிலிருந்து பாலிசார்பேட் சில ரசாயனங்களைக் கரைத்து இழுத்தது என்பது தயாரிப்பாளர்களின் முடிவு. குளிர் தவறிக் கையாண்டதால் புரதம் திரண்டிருக்கலாம் என்றும் சிலர் வாதிட்டார்கள். அடைப்பானுக்குப் பூச்சு வந்தது. சிறுநீரக நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் போடுவதை 2002ல் ஐரோப்பாவில் நிறுத்தினார்கள். பாதிப்பும் வெகுவாகக் குறைந்தது.

இத்தனைக்கும் 1995லேயே ஐ.சி.எச். அமைப்பின் க்யூ5சி வழிகாட்டி வந்துவிட்டது. இத்தகைய மருந்தின் ஆயுளை, அதை வைக்கவேண்டிய அதே குளிரில், அத்தனை மாதமும் காத்திருந்துதான் சொல்ல வேண்டும். அடைப்பான் மருந்தை என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்கிறது அது. சூடேற்றிச் சீக்கிரம் கெடவைத்துப் பார்ப்பது துணைச் சாட்சிதான். புரதம் சூட்டில் கெடும் விதம் வேறு, குளிரில் கெடும் விதம் வேறு.

மறுநாள் மீட்டிங்கில், “முழுச் சோதனை முடியாமல் மாற்றக்கூடாது சார்” என்று நானே சொன்னேன். செலவு, தாமதம் என்று முணுமுணுப்பு எழுந்தது. ஆனாலும் காத்திருந்தோம்.

இன்று இங்கே படிக்கும் தம்பி, தங்கைகளே! நாளை நீங்களும் ஏதோவொரு மீட்டிங்கில் உட்காருவீர்கள். “இதுதானே!” என்று வாயில் வரும்போது, இந்த ரப்பர் துண்டை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.