பேட்டரி குடித்த கரண்ட்டு

கோவை வட்டாரத்தின் வரலாற்றை 1932, 2012 என்ற இரண்டு வருடங்களுக்கு நடுவே வைத்துப் படிக்கலாம். முதலாவதில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் மலையிறங்கி வந்தது. இரண்டாவதில் அதே ஊர்களில் கரண்ட்டு வந்ததைவிடப் போனதுதான் அதிகம்.

மில் என்பது இங்கே மின்சாரத்துக்கு முன்பே உண்டு. 1888 இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய மில் நீராவியில் ஓடியது. ஆனால் மில்கள் பெருகியதும், கவலை ஓட்டிய கிணறுகளில் மோட்டார் இறங்கியதும் பைக்காராவுக்குப் பிறகுதான். எங்கள் சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937 இல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்தார்கள். நொய்யல் பெயருக்கு ஓடும் மண்ணில் மின்சாரம்தான் இன்னொரு ஆறு.

2008 இல் அந்த ஆறு வற்ற ஆரம்பித்தது. 2012 ஜூலை கடைசியில் வட இந்திய மின்தொகுப்பு இரண்டு நாள் அடுத்தடுத்துச் சரிந்தபோது தெற்கு தப்பித்தது. காரணம், தென் மின்தொகுப்பு அதோடு ஒத்திசைவாக இணைக்கப்படவில்லை. ஆனால் போதிய இணைப்பு இல்லாததால் வெளியிலிருந்து வேண்டிய மின்சாரத்தைக் கொண்டுவரவும் முடியவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஓய்ந்து காற்றாலைகள் நின்ற அக்டோபரில், சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு என்றால் எங்களுக்குப் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. "கரண்ட்டு எப்பங்க வரும்?" என்பதுதான் தெருவில் நலம் விசாரிப்பு.

வசதியுள்ள வீடுகள் யுபிஎஸ் வாங்கின. 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1.8 யூனிட் இருக்கும். இரண்டு ஃபேன், மூன்று டியூப்லைட்டுக்கு ஐந்தாறு மணி நேரம் தாங்கும். ஆனால் அது முழுதாக நிரம்பப் பத்து மணி நேரம் ஆகும். ஒரு மணி நேரம் கரண்ட்டு, ஒரு மணி நேரம் இருட்டு என்றால் பேட்டரி எப்படி நிரம்பும்? கரண்ட்டு வந்த நொடியில் எல்லா வீட்டு பேட்டரியும் ஒன்றாகக் குடிக்க ஆரம்பிக்கும். ஒரு யூனிட்டைச் சேமித்து எடுப்பதற்குள் கால்வாசி வீணாகும். பற்றாக்குறைக்காக ஒவ்வொரு வீடும் செய்த ஏற்பாடு, எல்லோருக்குமான பற்றாக்குறையைக் கூட்டியது.

அடுத்தது ஜெனரேட்டர். அதில் இரண்டு விஷயம் உயிர் சம்பந்தப்பட்டது. ஒன்று, அதை வீட்டுக்குள் ஓட்டக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். இரண்டு, சேஞ்ச்-ஓவர் சுவிட்ச். அது இல்லாமல் வீட்டு வயரிங்கில் நேரடியாகச் செருகினால் நம் ஜெனரேட்டரின் கரண்ட்டு தெருக் கம்பிக்கு ஏறும். டிரான்ஸ்பார்மர் அதை மறுபடி ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பம் ஏறிய லைன்மேன், நம் வீட்டு வெளிச்சத்தால் சாவார்.

சோமனூர், பல்லடம் பக்கத்துக் கூலித்தறிக்காரர்களுக்கு இந்த இரண்டுமே உதவவில்லை. நாலு தறி மோட்டாரை வீட்டு யுபிஎஸ் இழுக்காது. டீசலில் ஓட்டினால் நெசவுக்கூலி டீசலுக்கே போய்விடும். விசைத்தறிக்கு இலவச யூனிட் இருந்தது, அதை ஓட்டிக்கொள்ளத்தான் கரண்ட்டு இல்லை. பகலெல்லாம் உட்கார்ந்திருந்து, ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட்டு வந்தால் எழுந்து ஓட்டினார்கள். எங்கள் தெருவில் தறிச்சத்தம் கேட்டால்தான் எல்லோருக்கும் தூக்கம் வரும். அந்த வருடம் சத்தம் நின்றுபோய் விழித்துக்கொண்டோம்.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தெற்கு நாட்டின் தொகுப்போடு சேர்ந்தது. 2014 ஜூனில் மாநிலத்தின் மின்கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன. பேட்டரிகள் ஒரு வீட்டை ஐந்து மணி நேரம் காப்பாற்றின. தறிக்காரரின் வீட்டையும் சேர்த்துக் காப்பாற்ற ஊருக்கு வெளியே, மாநிலம் தாண்டி ஒரு கம்பி இழுக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு யுபிஎஸ் இன்றும் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பிதான் ஞாபகம் வருகிறது.