கண்டிச் சீமைக்குப் போனவர்கள்

"கண்டிச் சீமை" என்ற பெயரை நம் பெரியவர்கள் வாயிலாக நீங்கள் கேட்டிருக்கக்கூடும். அது இலங்கையின் மலைநாடு. வளைகுடா நாட்டுக்குப் போகும் மகனுக்காகப் பூசைக் கருத்துக் கொடுக்க வரும் தாய்மாரைக் காணும்போதெல்லாம், இதே சேலம் ஜில்லாவிலிருந்து கால்நடையாகக் கடற்கரைக்குப் போன அந்த ஏழைகளின் சரித்திரம் என் நினைவுக்கு வரும்.

ஜலகண்டாபுரமும் சுற்றுப்புறமும் தறியையும் மானாவாரிக் காட்டையும் நம்பிய பூமி. மழை பொய்த்தால் காடு கைவிடும். துணி வாங்க ஆளின்றித் தறியும் நின்றுவிடும். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் நம் ஜில்லா பட்ட பாடு கொஞ்சமல்ல. 1871-ல் 19 இலட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1881-ல் 16 இலட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. மாண்டவர் போக, மிஞ்சியவர்களில் பலர் கங்காணியின் பின்னால் நடந்தார்கள்.

பஞ்சத்துக்கு முன்பே காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போய் வந்ததுண்டு. மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடக்க வேண்டும். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். காப்பிப் பழம் பறிக்கும் காலம் முடிந்தால் ஆண்கள் ஊர் திரும்பலாம். 1869-ல் காப்பிச் செடியில் நோய் விழுந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டபின் நிலைமை மாறியது. தேயிலைக்கு வருஷம் முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே பெண்டு பிள்ளைகளோடு போய், லயத்துக் காம்பராவிலேயே தங்கிவிட்டார்கள்.

கங்காணி அந்நியன் அல்ல. பெரும்பாலும் உறவுக்காரன் அல்லது ஊர்க்காரன். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்ததாக மலைநாட்டில் சொல்வார்கள். வழிச்செலவுக்கு அவன் கொடுத்த முன்பணமே முதல் கடன். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் "துண்டு" என்று பெயர். அதைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. புது வாழ்வு தேடிப் போனவன் கூலி வாங்கும் முன்பே கடன்காரன் ஆனான்! 1921-ல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

1914-ல் பாம்பன் பாலம் வந்தபின் பிரயாணம் சுலபமாயிற்று. 1939-ல் இந்திய அரசு தோட்டக் கூலிகள் போவதைத் தடை செய்தது. அதற்குள் அங்கேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகள் உண்டாகிவிட்டன. ஆனால் இலங்கை சுதந்திரம் பெற்ற 1948-ஆம் வருஷமே வந்த குடியுரிமைச் சட்டத்தால் சுமார் ஏழு இலட்சம் பேர் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாமற் போனார்கள். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அந்த ஜனங்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, கையில் ஒரு குடும்ப அட்டையோடு வந்தார்கள். சிலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம். சிலருக்கு நூற்பாலை வேலை. சிலருக்கு வியாபாரக் கடன். தேயிலையைத் தவிர வேறு தொழில் அறியாதவர் வியாபாரக் கடனை வைத்து என்ன செய்வார்? அங்கே "கள்ளத்தோணி" என்று ஏசப்பட்டவர்கள், இங்கே "சிலோன்காரர்" ஆனார்கள். 1984-ல் கப்பல் நின்றது. வராமல் தங்கியவர்களுக்கு 2003-ல்தான் குடியுரிமைச் சட்டம் வழி திறந்தது.

நான் இளங்குருவாயிருந்த ஒரு பங்கில், அப்படித் திரும்பி வந்த ஒரு தாய், மகளின் கல்யாண ஓலைக்காக வந்தார். மகளின் ஞானஸ்நானச் சான்று மலைநாட்டுக் கோவிலிலிருந்து வரவேண்டும். படிவத்தை நிரப்பும்போது, "சொந்த ஊர் எதும்மா?" என்று கேட்டேன்.

"எங்க தாத்தா சேலம் ஜில்லான்னு சொல்லுவாங்க சாமி. ஊர் பேரு தெரியாது. நாங்க பொறந்ததெல்லாம் மேல் டிவிஷன் லயத்துல."

தோட்டத்தின் பெயரையே எழுதினேன். மூன்று மாதம் கழித்துச் சான்று வந்தது. கல்யாணமும் நடந்தது.