அருவி ஓவியமும் கடல் வலிமையும்: தானியேல் ஓவியர்களின் நெல்லைச்சீமைப் பயணம்

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரிட்டனில் கடற்படையின் எழுச்சியோடு கடலோவியமும் வளர்ந்தது. 1768இல் தோன்றிய இராயல் கலைக்கழகத்தின் நிறுவன உறுப்பினருள் ஒருவரான டொமினிக் செர்ரஸ், கடற்போர்களை வரைந்து புகழ்பெற்றவர். கடலற்ற குற்றாலத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை எனத் தோன்றலாம், அத்தோற்றம் மறுபரிசீலனைக்குரியது.

1792இல் தாமஸ் தானியேலும் அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியமும் நெல்லைச்சீமைக்கு வந்து அருவிகளை வரைந்தனர். மூன்றாம் மைசூர்ப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அவ்வாண்டே ஆர்க்காட்டு நவாபுடன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பாளையக்காரர்களிடம் பேஷ்கஷ் தண்டும் உரிமை கும்பினியின் கைக்கு மாறியது. பின்னர் இலண்டனில் அச்சான பாபநாச அருவிப் படத்தில் நீரும் பாறையுமே மேலோங்குகின்றன. படையும் வரியும் சட்டத்திற்கு வெளியே நிற்கின்றன. இப்படங்களை வட்டார வரலாற்றின் நேர்ச்சான்றாகக் கொள்வோர் இவ்விடுபடலைக் கருதுவதில்லை. அதே நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியில் பாடிய அருவி ஈசன் உறையும் தலத்தின் அருவி; தானியேல்களுக்கோ அது காட்சிப்பொருள்.

வில்லியம் பிற்காலத்தில் 1814 முதல் 1825 வரை பிரிட்டன் கடற்கரைக் காட்சிகளை வெளியிட்டார்; டிரஃபால்கர் கடற்போரையும் தீட்டினார்.

கடலாதிக்கம் குற்றாலத்து மண்ணிலும் பதிந்தது. 1796இல் அட்மிரல் ரெய்னியரின் கப்பற்படை அம்போய்னாவையும் பாண்டாவையும் டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றியது. நறுமணப் பயிர்கள்மீது டச்சுக்காரர் கொண்டிருந்த தனியுரிமை தளர்ந்தது. அந்நூற்றாண்டு முடிவையொட்டிக் குற்றாலச் சாரலில் கும்பினியின் சாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் எழுந்தன.